சிவப்பு வண்டியின் கண்ணாடிச் சட்டம்

சார்,

இன்று காலை மீஞ்சூர்ப் பட்டறையில் ஒரு லோடு ஜன்னல் சட்டங்கள் வந்து இறங்கின. கடலோர வீடு ஒன்றில் மாட்டியிருந்தவை. உப்புக்காற்றில் அலுமினியத்தின் பூச்சு வெளுத்து, சுண்ணாம்பு பூத்ததுபோல் இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டது. அதைச் சேலைத் தலைப்பில் துடைக்கும்போது உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மேஸ்திரி அதட்டிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சவுக்குத்தோப்பை ஒட்டிய வீட்டுக்கு நீங்கள் தனியாகக் குடிவந்தபோது, ஒரு லாரியில் உங்கள் காரும் வந்தது. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி. கூரை கிடையாது. வாலிபத்தில் வாங்கியது என்றீர்கள். ஒரே மழைக்காலத்தில் எங்கள் ஊர்க்காற்று அதன் முகத்தைத் தின்றுவிட்டது. முன்கண்ணாடியைச் சுற்றிய சட்டமும் கதவுக்குக் கீழே ஓடும் பட்டைகளும் நரைத்துப் போயின. நான் அலுமினியப் பட்டறையில் வேலை செய்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கே வந்து நின்றீர்கள்.

"ஏம்மா தேசம்மா, இது பழையபடி மின்னுமா?"

"மின்னும் சார். பழைய பூச்ச சுத்தமா உரிச்சிட்டு, கரண்டு வச்சி புதுசா ஏத்தணும். பொறுமையா செய்யணும், அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கொட்டகையில் வேலை நடந்தது. காஸ்டிக் சோடா கரைத்த தொட்டியில் பட்டையை இறக்கினால் நுரைத்துக் கொதிக்கும். கருப்பாக வெளியே வரும். கழுவி, தேய்த்து, மெருகேற்றி, பிறகு ஆசிட் தொட்டியில் கரண்டு கொடுப்பேன். கடைசியில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பேன். நீங்கள் பிரம்பு நாற்காலியில் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பீர்கள். எழுந்து நடந்தால் ஒரு கை எப்போதும் வண்டியின் விளிம்பைத் தொட்டபடி போகும். வண்டிமேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஒரு பட்டை காஸ்டிக்கில் கூடுதலாக ஊறிவிட்டது. சாம்பல் பூசினாற்போல் மங்கிக் கிடந்தது. மறுபடி மெருகு போட வேண்டும் என்று ஓரமாக வைத்திருந்தேன். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனீர்கள். கட்டைவிரலை அதன்மேல் நீளமாக ஓட்டினீர்கள். முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரித்தீர்கள்.

"முகம் தெரியுதும்மா இதுல!"

அந்தப் பட்டையில் சூரியன்கூடத் தெரியாது.

அன்று மாலை என் வீட்டுக்காரர் ஏழுமலையிடம் சொன்னேன். வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "இன்னாமே சொல்ற? கண்ணு தெரியாத ஆளு வண்டி எட்தாருன்னா எவனையாச்சும் அட்ச்சிட்டுத்தான் நிக்கும். வேலைய முடிக்காத."

அடுத்த ஞாயிறு உங்களிடமே கேட்டுவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை.

"வெளிச்சம் எது, நிழல் எதுன்னு தெரியும். அதுவும் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை ஓட்டணும் தேசம்மா. ரோட்டுல இல்ல. மணல்ல. மத்தியானத்துல அங்க யாரு இருக்கப் போறா?"

"வேணாம் சார். ஊரு சனம் பொழங்குற எடம். நான் கூட்டினு போறேன், நடந்து போலாம்."

"நடக்கறதுக்கா இதை மின்ன வைக்கிறோம்?"

பட்டைகளை முடித்து மாட்டினேன். கண்ணாடிச் சட்டத்தை மட்டும் முடித்தும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பரணில் சாக்கு சுற்றி வைத்தேன். சட்டம் இல்லாமல் கண்ணாடி நிற்காது. கண்ணாடி இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டீர்கள் என்று நம்பினேன். "முடிஞ்சுதா?" என்று கேட்பீர்கள். "இன்னும் இல்ல சார்" என்பேன். வெளியூரிலிருக்கும் உங்கள் மகனுக்கும் போன் போட்டுச் சொன்னேன். மாதக் கடைசியில் வந்து அழைத்துப் போகிறேன் என்றார்.

அந்த வாரத்திலிருந்து மத்தியானங்களில் கொட்டகையிலிருந்து இன்ஜின் சத்தம் கேட்கத் தொடங்கியது. உறுமும், அணையும். மறுநாள் இன்னும் சற்று நேரம் உறுமும். வேலை இல்லாத நாட்களில் வீட்டில் இருந்தால், அது அணையும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஏழுமலை உங்களிடம் சாவியைக் கேட்டுப் பார்த்தார். "சும்மா பேட்டரிக்காகப்பா" என்று அவர் தோளைத் தேடித் தட்டினீர்களாம்.

வாடைக்காற்று பலத்தது. கடல் பொங்கியதால் படகுகள் இறங்கவில்லை. கடலுக்குப் போகாத நாளில் ஊரே மணலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தும். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் கரை காலியாகக் கிடப்பதைத்தான் நீங்கள் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தீர்கள்.

அன்று இன்ஜின் சத்தம் அணையவில்லை. நகர்ந்தது.

சோற்றுக் கையோடு ஓடினேன். தோப்பின் இடைவெளியில் உங்கள் வண்டி போவது தெரிந்தது. முன்கண்ணாடி இல்லாத மொட்டை முகம். உங்கள் நரைத்த முடி காற்றில் பறந்தது. நான் தேய்த்த பட்டைகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. ஈரமணலை எட்டியதும் வண்டி கரையோடு திரும்பி வேகம் எடுத்தது. அதற்கு நேரே எங்கள் தெரு நாகம்மா, காலை நீட்டி, மடி நிறைய வலையோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அலைச் சத்தத்தில் அவளுக்கு இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. "நாகம்மா! எழுந்துரு!" என்று நான் கத்தினேன். அவள் திரும்பினாள். எழ முயன்றாள். வலை காலில் சிக்கிக்கொண்டது. அவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

வண்டி திரும்பியது. அவளை உரசாமல், அப்படியே கடலுக்குள் பாய்ந்தது. எதிரே எழும்பிய அலை சுவர்போல் அதை அடித்து நிறுத்தியது.

ஏழுமலையும் மற்றவர்களும் இறங்கி உங்களைத் தூக்கி வந்தார்கள். ஸ்டியரிங் நெஞ்சில் இடித்திருந்தது. வாயோரம் ரத்தம்.

"யார் மேலயாவது பட்டுச்சா?"

"இல்ல சார்."

"பொய் சொல்லாத."

"சத்தியமா இல்ல சார்."

நீங்கள் நம்பவில்லை. கண்ணாடிச் சட்டம் முடியவில்லை என்று நான் சொன்ன பொய் உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். மறுபடி கேட்டீர்கள். அப்போது நாகம்மா காலில் சிக்கிய வலையை உதறிவிட்டு வந்து மண்டியிட்டாள். உங்கள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் சார் குந்தினு இருந்தேன். தடவிப் பாரு. எனக்கு ஒண்ணும் ஆவல."

உங்கள் விரல்கள் அவள் நெற்றி, மூக்கு, தாடை என்று மெதுவாகப் போயின. பிறகுதான் மூச்சை விட்டீர்கள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஆம்புலன்ஸிலேயே எல்லாம் முடிந்தது. என் கை உங்கள் கையில் இருந்தது.

ஊரில் இன்றும் உங்களைப் பற்றிப் பேச்சு உண்டு. ஊரையே கொல்லப் பார்த்த ஆள் என்பார்கள் சிலர். சாகத்தான் வந்தார் என்பார்கள் வேறு சிலர். நான் வாதாடுவதில்லை. இரண்டும் முழுப்பொய் என்று சொல்ல எனக்கு வழியும் இல்லை.

ஆனால் நான் பார்த்தது ஒன்று இருக்கிறது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் மேடான மணல். மணல்பக்கம் திருப்பியிருந்தால் சக்கரம் புதைந்து வண்டி நின்றிருக்கும், நீங்களும் பிழைத்திருப்பீர்கள். அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. கடலுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள் என்பது தெரியும். நாகம்மா அலறிய அந்த ஒரு நொடியில் கடல் எந்தப் பக்கம் என்று காதால் கேட்டு, அந்தப் பக்கம் திருப்பினீர்கள், சார்.