காப்பு நாளில் நின்ற மாத்திரை

ஏப்ரல் 8, செவ்வாய்
வெயில் மண்டையைப் பிளக்கிறது. கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலைப் பெண்களிடம் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பேச்சு. வழக்கமான முதல் வரி: "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு இல்ல." எனக்குக் கிருமி அளவு நன்றாக இறங்கும்வரை அவர் தினம் ஒரு தடுப்பு மாத்திரை போடுகிறார் என்றேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாதென்று இவர் கண்டிப்பு.

ஓர் அக்கா: "வராம இருக்க மாத்திரையா? நல்லாத்தான் கதை விடுற."

சுருக்கென்று கோபம். அரை மணி நேரம் விளக்கித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வாங்க வேண்டியது: சீயக்காய், டார்ச் பேட்டரி.

ஏப்ரல் 10, வியாழன்
நேற்று எங்கள் ஊரில் முளைப்பாரி கரைத்து, காப்பு அவிழ்த்தார்கள். எட்டு நாள் விரதம் முடிந்தது. அதுவரை கவுச்சி கிடையாது, இவருக்கு வீட்டில் படுக்கை கிடையாது, கோயில் வாசலில்தான். நேற்றுதான் ஒரே பாய். ஆணுறை தீர்ந்திருந்தது. மாத்திரைதான் இருக்கே என்று ஒரு தைரியம்.

காலையில் இவர் டப்பாவை எண்ணினேன். எட்டு மாத்திரை கூடுதல். மறுபடி எண்ணினேன், எட்டுதான்.

"ஏங்க, என்ன இது?"

"காப்புக் கட்டுனா தள்ளித்தானே படுக்குறோம்? அப்புறம் எதுக்கு? நேத்து ஒண்ணு போட்டுட்டேன்ல."

ஊருக்கெல்லாம் சொல்கிறேன். விரதத்திலும் நிறுத்தாதீர்கள் என்று யாருக்கும் சொன்னதில்லை, இவருக்கும்தான். என் தப்பு.

இவரையும் இழுத்துக்கொண்டு பத்து மணி பஸ். ராமநாதபுரம் ஆஸ்பத்திரி. டாக்டர் திட்டவில்லை. "ஒரு மாத்திரையில பாதுகாப்பு வந்துராதும்மா, சில நாள் ஆகும். மூணு நாளுக்குள்ள வந்தீங்களே, அது நல்லது." இருபத்தெட்டு நாளுக்கு வேறு மருந்து. பிறகு டெஸ்ட், மறுபடி டெஸ்ட்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் என் கையைப் பிடித்தபடியே வந்தார். நாலு பேர் பார்க்க இப்படிச் செய்கிறவர் இல்லை.

"வந்தா வரட்டும் செல்வி. அழுகாத."

வந்தா வரட்டுமாம். அறையலாம் போல இருந்தது. இவருக்கு ஒன்றென்றால் நான் தாங்க மாட்டேன்.

ஜூலை 21, திங்கள்
மூன்று மாதம் நோட்டைத் தொடவே இல்லை. என்ன எழுத?

இன்று கடைசி டெஸ்ட். இல்லை. இவருக்கு இல்லை.

டோக்கன் கவுண்டர் பக்கத்தில் நின்று அழுதேன். இவர் டீ வாங்கி வந்தார். சர்க்கரை அதிகம்.

"நாளைக்கு எங்கன கூட்டம்?"

"திருவாடானைப் பக்கம். அங்கன ஆடிக் காப்புக் கட்டப் போறாகளாம்."

"நானும் வாரேன்."

ஜூலை 22, செவ்வாய்
காற்றும் புழுதியும். மைக் இரண்டு தடவை நின்றது. ஒருத்தர் காப்புக்காக மாத்திரையை நிறுத்திவிட்டார், அப்படிச் செய்யாதீர்கள் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் சிரித்தார். "அம்புட்டுக் கூறுகெட்டவன் எவன்?"

இவர் எழுந்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனுசன். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நான்தாங்க. முனியசாமி. இவ வீட்டுக்காரன்."

பிறகு அதே பெரியவர், குரல் இறங்கி: "விரதத்துல மாத்திரை போட்டா சாமி குத்தம் ஆகாதாப்பா?"

"குத்தம்னா எங்கிட்டக் கேக்கட்டும். எனக்கு இவளோட ரொம்ப நாள் வாழணும். அதுக்குத்தான் போடுறேன்."

மைக்கை என்னிடம் தந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக இவர் பெயரைச் சொல்லியே மீதியைப் பேசினேன்.