நானே உடைத்த கண்ணாடிப் பட்டை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். நம்ப மாட்டாய், ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

நாங்கள் பழுதுபார்க்கும் பழைய கட்டடத்தில், விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒட்டியிருக்கிறோம். பட்டை உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். கொத்தனாரைப் பயமுறுத்த ஒன்றை நானே உடைத்து வைத்தேன். என் நேரம், சாலையை அகலப்படுத்த அந்தக் கட்டடத்தை இடிக்கக் காத்திருந்த நகராட்சி அதிகாரி அன்றைக்கே வந்து நின்றார். பட்டையைப் பார்த்ததும், "ஆபத்தான கட்டடம்" என்று எழுத ஆரம்பித்தார்.

"சார், சுவர் நல்ல சுவர்தான். உடைச்சது நான்" என்றேன்.

"முதல்ல உன்னைத்தான்டா இடிக்கணும்" என்றார் கொத்தனார்.

அதிகாரி எழுதியதை அடித்தார், என்னை அடிக்கவில்லை. புதுப் பட்டை ஒட்டி மூன்று மாதம் பார்த்த பிறகுதான் முடிவாம். தினமும் பார்த்துக் குறிக்கும் வேலையை எங்கள் இன்ஜினியர் என் தலையில் கட்டிவிட்டார். அதனால் அடுத்த மாதம் வர முடியாது. சுவர் நகராமல் நிற்பதை நானும் நகராமல் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு போர்வை அனுப்பு. அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தால், கதவோரம் என் உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடுகளை மட்டும் விட்டுவிடச் சொல். கொத்தனார் கத்துகிறார், போகிறேன்.

உன் மகன்