அடுத்த அப்டேட்டில் வரும் என்றேன்

ஜூன் 4

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. திருத்தமாகப் பேசினால்தான் திருத்தமாக எழுதும். அதனால் இதனிடம் மட்டும் மரியாதையாகப் பேசுகிறேன்.

இன்று சலவைக் கடையில் பதினோரு சட்டை தேய்ப்பதற்குள் ஒரு வீடியோவை முழுக்கக் கேட்டுவிட்டேன். செப்டம்பரில் போனுக்குப் புது அப்டேட். கம்பெனி இன்னும் வாயே திறக்கவில்லை, வீடியோக்காரர்கள்தான் ஊகிக்கிறார்கள். ஒருவன் சொன்னான்: "அழிச்ச குரல் பதிவைத் திரும்ப எடுக்கிற வசதி வந்தாலும் வரலாம்."

"அப்டேட்டுத் தாத்தா, இந்தத் தடவையாவது பேட்டரி நிக்குமா?" என்றார் முதலாளி. போன வருடம் நான் சொன்ன நான்கில் மூன்று பலித்தது. அதிலிருந்து இந்தப் பட்டம்.

ஜூன் 9

தங்கை அழுதுகொண்டே வந்தாள். அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளைக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். குரல் போய்விட்டது. அதற்கு முன் அவர் அனுப்பிய குரல் செய்திகளைத் தினமும் போட்டுக் கேட்பாள். போனில் இடமில்லை என்று கண்டதையும் அழிக்கப் போய், அவற்றையும் சேர்த்து அழித்துவிட்டாள்.

"ரிப்பேர் கடைக்காரர் உடனே கொண்டாங்கங்கிறார்ணே. நாளாக நாளாகப் புதுசு வந்து பழசை மூடிடுமாம்."

"அவன் கிடக்கான். கண்டவன் கையில குடுக்காதே. செப்டம்பர் அப்டேட்ல தானா திரும்பி வருது."

"நிச்சயமாவா?"

"நான் சொல்லி எது நடக்காம இருந்திருக்கு?"

ஜூலை 2

ஏன் அப்படிச் சொன்னேன்? மறதி என்று சொல்லவும் வழியில்லை. அந்த வீடியோக்காரன் பேசியது ஒரு சொல் பிசகாமல் காதில் இருக்கிறது. 'வந்தாலும் வரலாம்.'

நாளைக்கு அவளைக் கூப்பிட்டு, போனைக் கடையில் காட்டச் சொல்ல வேண்டும்.

ஜூலை 3

சொல்லவில்லை.

செப்டம்பர் 17

அப்டேட் வந்துவிட்டது. திரையில் இருக்கும் குட்டிப் படங்களின் ஓரம் வளைந்திருக்கிறதாம். குரல் பதிவு பற்றி ஒன்றுமே இல்லை. தங்கை போனில் மூன்று முறை கூப்பிட்டாள். தேய்ப்புப் பெட்டியைப் பிடித்தபடியே நின்றேன். ஒரு காலர் தீய்ந்துபோனது.

செப்டம்பர் 19

அவளோடு ரிப்பேர் கடைக்குப் போனேன்.

"ஜூன்லயே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா. யாரு காத்திருக்கச் சொன்னது?"

"நானாத்தான் இருந்துட்டேன்" என்றாள் தங்கை. என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் பக்கத்திலேயே நின்றேன் — வாயைத் திறக்கவில்லை. எழுபத்திரண்டு வயசாச்சு. த்தூ. நீயெல்லாம் ஒரு அண்ணனாடா?

செப்டம்பர் 28

இன்று தங்கை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"வரும்னு யாரும் சொல்லல மாப்பிள்ளை. வரலாம்னுதான் அந்த வீடியோக்காரன் சொன்னான். நான்தான் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி…"

தங்கை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை சிலேட்டில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது. எப்போதும் அவள்தான் படித்துச் சொல்வாள். அவளைக் கூப்பிட அவருக்குக் குரல் இல்லை, எனக்குத் துணிவு இல்லை. ஆளுக்கொரு பக்கம் சிலேட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அவரே மேசையைத் தட்டினார். ஈரக்கையோடு வந்து பார்த்தாள்.

"அடுத்த அப்டேட்ல என்ன வருதுன்னு கேக்குறார்."

"தெரியாது மாப்பிள்ளை" என்றேன்.

அவர் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான்.

தங்கை சிரிக்கவில்லை. சிலேட்டைத் துடைத்து அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.