கூட வந்தவர்கள்

டாக்டரம்மாவுக்கு,

ஊரே தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும். விளக்கைப் போட்டால் குழந்தை விழித்துக்கொள்வாள். சமையலறை வெளிச்சம் வாசல்படி வரைக்கும்தான் வருகிறது. அங்கே பாயை இழுத்துப் போட்டு, ஒரு கையை அவள் காலில் வைத்தபடி எழுதுகிறேன். சாயங்காலத்திலிருந்து உடம்பு கதகதவென்று இருக்கிறது. கை கழுவிவிட்டு வந்து நெற்றித் துணியை மாற்றினேன். அப்போது என் விரலிலிருந்து உங்கள் வாசனை வந்தது. நீங்கள் ஒவ்வொரு குழந்தையைத் தொட்ட பிறகும் கை கழுவுவீர்களே, அந்தச் சிவப்பு சோப்பு. நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகு அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விலாசம் கொடுத்தது உங்கள் கம்பவுண்டர் பஷீர் பாய். மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் கறிவேப்பிலை பொறுக்குகிற மாதிரி பக்கத்தில் வந்து நின்றார். "அம்மா அவுங்க அக்கா ஊட்ல இருக்காங்க. யாருக்கும் சொல்லிராதீங்க" என்று ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் சொல்லிவிட்டு, கறிவேப்பிலையை வாங்காமலே போய்விட்டார்.

உங்களுக்கு எத்தனையோ தாய்மார்கள். என்னை நினைவிருக்குமா என்று தெரியவில்லை. சிங்காரப்பேட்டையிலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். சிப்காட் பக்கம் லைன் வீடு. காய்ச்சல் ஏறினால் வலிப்பு வருமே, அந்தப் பெண் குழந்தையின் அம்மா. முதல் தடவை வந்தபோது அவளுக்கு ஒரு வயதுதான் முடிந்திருந்தது. கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எதிர்வீட்டு ரத்னம்மா பீரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியே ஆட்டோவில் வந்து இறங்கினோம். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தரையிலேயே உட்கார்ந்தீர்கள்.

"மொதல்ல அந்தச் சாவிய எடுங்க. இவ என்ன பீரோவா?"

அந்த நிலையிலும் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ரத்னம்மாவுக்குத்தான் முகம் சுண்டிப்போனது. நீங்கள் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயோரத்து நுரையைத் துடைத்து, ஊசி மருந்தை அவ்வளவு மெதுவாக ஏற்றினீர்கள். வெட்டி இழுத்த கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. நான் மூளைக்கு ஒன்றும் ஆகாதே, ஆகாதே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "காலேஜ் படிச்ச பொண்ணு நீ. புஸ்தகத்துல பாதிய மட்டும் படிச்சா இப்படித்தான் பயம் வரும்" என்றீர்கள். அஞ்சு வயசு தாண்டினால் பெரும்பாலும் விட்டுவிடும் என்றும் சொன்னீர்கள். அந்த அஞ்சு வயதைத்தான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இப்போதுதான் மூன்று.

கேட்டவர்களுக்கெல்லாம் ஊசி போடமாட்டீர்கள் என்று ஊரில் உங்கள் மேல் குறை. தலைவலி என்று வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பவர்களை, "ஊசி என்ன பிரசாதமா, வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் குடுக்க?" என்று திருப்பி அனுப்புவீர்கள். ஊசி போடாத டாக்டரம்மா என்றுதான் ஆட்டோக்காரர்களிடம் வழி சொல்வோம். கடைசியில் ஒரே ஒரு ஊசியைச் சொல்லித்தான் உங்களை விரட்டினார்கள்.

அந்த நடிகர் கெலவரப்பள்ளி அணையில் படப்பிடிப்புக்கு வந்திருந்த வாரம் எங்கள் லைனில் யார் வீட்டிலும் ஒழுங்காகச் சமையல் இல்லை. ரத்னம்மாவின் மகன் மஞ்சுநாத் அவருடைய ரசிகர் மன்றத்துச் செயலாளர். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அணையிலேயே கிடந்தான். "அக்கா, என் தோள்ல கை போட்டாரு, இனிமே இந்தச் சட்டையத் துவைக்க மாட்டேன்" என்று வந்து காட்டினான். மறுநாள் அவருக்கு நெஞ்சுவலி. உங்கள் கிளினிக்குக்குத்தான் கொண்டுவந்தார்கள். பஷீர் பாய் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: நீங்கள் பார்த்த உடனே இருதயம் என்றீர்கள், வலிக்கு ஒரு ஊசி போட்டீர்கள், ஒரு நிமிஷம்கூட நிற்காமல் பெங்களூருக்குக் காரை விடச் சொன்னீர்கள். கார் அத்திப்பள்ளி தாண்டும் முன்பே அவர் போய்விட்டார்.

"ஊசி போட்ட கையோட போயிட்டாராம்." சாயங்காலத்துக்குள் இது தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஊர் முழுக்கச் சுற்றிவந்துவிட்டது. அவர் எங்கள் ஆள், உங்கள் ஆள் இல்லை என்று தமிழ்க்காரர்களும் கன்னடக்காரர்களும் தனித்தனி மன்றம் வைத்து அதுவரைக்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மேல் கல்லெறிவதில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸைப் பாதியிலேயே நிறுத்திவிட்டதால் என் வீட்டுக்காரர் உங்கள் தெரு வழியாக நடந்து வந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "கொழந்தைங்களை எடை போடற தட்டு நடுரோட்ல கெடக்குது. அதைத் தாண்டித் தாண்டிப் போறானுங்க. நம்மகூட பெஞ்சுல உக்காந்திருந்தவனுங்க" என்றார்.

மஞ்சுவும் அவன் கூட்டாளிகளும் மறுநாள் மொட்டை அடித்துக்கொண்டார்கள். தகப்பன் செத்தால் செய்வதுபோல் மீசையையும் எடுத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். ரத்னம்மா என் வாசலில் வந்து, "அய்யோ பாவம், எப்பேர்ப்பட்ட ஆளு! ஏம்மா, அதே கைதானே உன் பொண்ணுக்கும் ஊசி போட்டுச்சு?" என்று கேட்டார்.

"அதே கைதான். அது போட்டதுனாலதான் இவ இன்னைக்கு உங்க வீட்டு முறுக்கைத் தின்னுட்டு ஓடறா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இனிமேல் இவளுக்கு வலிப்பு வந்தால் யாரிடம் ஓடுவது என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

போன வாரம் வந்தது. இவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் போட்ட சத்தத்தில் லைனே திரண்டுவிட்டது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக் குழந்தைக்கு ஒன்று என்றால் அடுப்பை அணைத்துவிட்டு அத்தனை பேரும் கூட வருவார்கள். வராதவர்களைத்தான் பிறகு பேசுவார்கள். மஞ்சு ஓடிவந்து, "குடுங்க அக்கா, ஆட்டோ வர்ற வரைக்கும் தாங்காது" என்று அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பின்னாலேயே அவன் கூட்டாளிகள், ரத்னம்மா, நான். பெரிய ரோட்டில் புதிதாக வந்திருக்கும் இளவயது டாக்டரிடம் போய் நின்றோம்.

அவர் நல்லவர்தான், அம்மா. உங்களைப் போலவே ஒருக்களித்துத்தான் படுக்கவைத்தார். மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார். என் கண்ணால் பார்த்தேன், ஊசி அவர் கையில் இருந்தது. அப்போதுதான் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"இத்தனை பேர் எதுக்கு? வெளிய நில்லுங்க."

"நாங்க சும்மாதான் சார் நிக்கறோம்" என்றான் மஞ்சு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவனுக்கு. "நீங்க பாருங்க. கொழந்தைக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது சார், அவ்வளவுதான்."

அவன் கும்பிட்டுக்கொண்டுதான் சொன்னான். ஆனால் டாக்டர் அவன் கையைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நின்றவர்களின் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் மொட்டை, இப்போதுதான் முள்முள்ளாக மயிர் முளைத்திருக்கிறது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"பெங்களூருக்குக் கொண்டு போயிருங்கம்மா. இங்க வசதி இல்ல."

"ஊசி ரெடியா இருக்குதுங்களே, டாக்டர்!"

"கொண்டு போயிருங்கம்மா." என்னைப் பார்த்து இல்லை, வாசலைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அவர் காலைத் தொட்டேன். அவர் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். டாக்டருக்கே அவ்வளவு பயம் என்றால் நான் என்ன செய்வேன்?

டெம்போவில் ஏறி ஊர் எல்லையைத் தாண்டும்போது வலிப்பு தானாக நின்றது. உதடு நீலம் பாரித்திருந்தது. "அம்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மஞ்சுவும் அழுதான். "ஏன் அக்கா அந்தாளு ஊசி போடல? கொழந்தையக்கா! மனுசனா அவன்?"

உன் தலையைப் பார்த்துத்தான்டா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நாளைக்கே திரும்ப வந்தால் இவளைத் தூக்கிக்கொண்டு ஓட அவன்தான் இருக்கிறான். அவன் மடியில் என் மகள் தூங்கிக்கொண்டு வந்தாள். அவள் நெற்றியில் வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு உங்கள் கிளினிக் வாசலில் அவன் எதை எறிந்தான், எதை உடைத்தான் என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

முன்பெல்லாம் எனக்குக் காய்ச்சல் ஒன்றுதான் பயம். பக்கத்தில் நாலு பேர் இருந்தால் அது பாதியாகிவிடும். இப்போது அந்த நாலு பேரையும் சேர்த்துச் சுமக்கிறேன். இன்றைக்கு உடம்பு சுடுகிறது என்று தெரிந்ததும் நான் முதலில் செய்தது, ரத்னம்மா வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியது. சத்தம் போடாமல் எப்படிக் கதவைத் திறப்பது, யாரும் எழுந்திருக்காமல் எப்படி ரோடு வரைக்கும் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவரைக்கூட, வர வேண்டாம், வாசலிலேயே நில்லுங்கள் என்று சொல்லப்போகிறேன். ஒரு தாய் தன் குழந்தையைத் திருடிக்கொண்டு போகிறவள் மாதிரிப் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் மேல் இன்னும் விசாரணை முடியவில்லை என்கிறார்கள். இனிமேல் யாரையும் தொடமாட்டேன் என்று நீங்கள் சொன்னதாக பஷீர் பாய் சொன்னார். அந்த மருந்தை வீட்டில் வைத்துக்கொண்டு நானே கொடுக்கிற மாதிரி ஏதாவது வழி உண்டா? இல்லையென்றால், பஸ் ஏறி அங்கே வந்தால் இவளை ஒரே ஒரு தடவை பார்ப்பீர்களா? யாரிடமும் சொல்ல மாட்டேன். யாரையும் கூட்டிவர மாட்டேன். நானும் குழந்தையும் மட்டும்தான் வருவோம்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.