நான் எழுதிய பித்தப்பைக்காக என் பேத்தியைத் தண்டிக்க வேண்டாம்

அனுப்புநர்
எல்வா காடில்,
தேவாலயத்துக்கு மேலே இரண்டாவது வீடு,
ஹிக்கரி ஓடை, கிழக்குக் கென்டக்கி.

பெறுநர்
முனைவர் வாரன் ஹோல்கம் அவர்கள்,
தலைவர், மயக்க மருந்துச் செவிலியர் மேற்படிப்புத் துறை,
பிளம் ரிட்ஜ் செவிலியர் கல்லூரி, கென்டக்கி.

பொருள்: மாணவி லியானா காடில் மீது வரும் வெள்ளிக்கிழமை நடக்கவுள்ள விசாரணை – குற்றவாளி அவள் அல்ல, கீழே கையொப்பமிட்டுள்ள நான் என்பது – அவளை மீண்டும் அறுவை அரங்கில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விஷயத்துக்கு வருமுன் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பேரன் சொல்கிறான். ஆனால் மின்சாரக் கம்பெனிக்குப் புகார் எழுதினாலும் நான் இப்படித்தான் தொடங்குவேன். அந்தப் பேரன் கார்லண்ட், மூத்தவன், லைன்மேன். பனிப்புயலில் மாவட்டமே இருண்டு கிடந்தபோது எங்கள் ஓடைக்கு வெளிச்சம் கொண்டுவந்தவன். அவன் தம்பி டுவேன் லாரி ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டான். எத்தனையாவது தடவை என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள் என நம்புகிறேன். பேத்தி ஜொலீன் மாவட்டச் சந்தையில் ஊறுகாய் பீன்ஸுக்கு முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கினாள். ஜாடியில் ஊறுகாய் போட்டது நான், தூக்கிக்கொண்டு போனது அவள். கடைக்குட்டி லியானா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்து, தங்கள் துறையில் இடம் வாங்கி, இப்போது கடைசி ஆண்டு படிக்கிறாள். அவள் அதை முடிக்க வேண்டும் என்பதுதான் இந்த மனு.

2. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இருந்தும் எங்கள் வட்டாரப் பத்திரிகையில் "ஹிக்கரி ஓடைச் செய்திகள்" என்ற பத்தியை வாராவாரம் எழுதிவருகிறேன். யார் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தார்கள், யார் பசு கன்று ஈன்றது, யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். எங்கள் பக்கத்தில் ஒருவர் படுக்கையில் விழுந்ததைப் பத்தியில் போடாவிட்டால் அவருடைய வீட்டார் என்னோடு ஒரு மாதம் பேசமாட்டார்கள். அறுவை அரங்கில் இதற்கு நேர்மாறான வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

3. தெரியவில்லை என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. தங்கள் துறை மாணவர்களுக்குரிய நிபந்தனைகள் அத்தனையையும் லியானா சேரும்போது எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். நர்ஸ் உரிமம், தடுப்பூசிகள், போதைப்பொருள் சோதனை, ஒட்ட வெட்டிய நகம், நகை கூடாது, படிக்கும்போது வேறு வேலை கூடாது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். நோயாளியைப் பற்றி வெளியே ஒரு சொல்லும் போகக்கூடாது என்ற கடைசி விதி வந்தபோது சோள ரொட்டியை அடுப்பிலிருந்து எடுக்க எழுந்து போயிருந்தேன். ரொட்டி நன்றாகவே வந்தது.

4. நடந்தது இதுதான். எங்கள் தேவாலயத்தில் பாட்டு எடுத்துக்கொடுக்கும் வெர்லன் ஸ்டேசி, சுரங்கத்தில் காலம் தள்ளியவர். நெஞ்சில் நிலக்கரித் தூசி உள்ள எல்லோரையும் போல அவருக்கும் ஒரு பயம்: மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழமாட்டோம். அந்தப் பயத்திலேயே ஓர் அறுவையை வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் போய்ப் பிழைத்து வந்தார். வந்த ஞாயிறன்றே சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, தன்னைத் தூங்கவைத்தது நம்ம லியானாதான், முகக்கவசத்துக்கு மேலே காடில் குடும்பத்துக் கண்ணைத் தனக்குத் தெரியாதா என்று சபை முழுவதும் கேட்கச் சொன்னார். என்ன அறுவை என்று மட்டும் சொல்லவில்லை. பெண்கள் இருக்கும் இடமாயிற்றே என்று வயிற்றுப் பக்கம் கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

5. அந்த வாரப் பத்தியில் எனக்கு இரண்டு விரற்கடை இடம் மிச்சமிருந்தது. அதில் நான் எழுதியது: என் பேத்தி லியானா, வெர்லனுக்கு ஈதர் கொடுத்துத் தூங்கவைத்தாள், கோழி முட்டை அளவு கல்லோடு பித்தப்பை எடுக்கப்பட்டது, கடைசி நினைவு போகும்வரை அவர் பாடிக்கொண்டே இருந்தார். சகலரும் வாசித்து மகிழ்ந்தார்கள். யாரோ மகிழ்ந்து வெட்டித் தங்களுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

6. மறுநாளே வெர்லனின் மனைவி நெவா என் வாசலுக்கு வந்து, அது பித்தப்பையே இல்லை என்றார். எது என்பதை இம்முறை நான் எழுதமாட்டேன், புத்தி வந்துவிட்டது. எங்கள் ஓடையில் வயிற்றைப் பிடித்துக்கொள்கிற எல்லோருக்கும் பித்தப்பைதான் என்பதால் அப்படி எழுதினேன். பித்தப்பையே இல்லாத இடத்தில் கல் எங்கிருந்து வரும்? ஈதர் என் சிறுவயதில் தொண்டைச் சதை எடுத்தபோது எனக்குக் கொடுத்தது. அதைக் கைவிட்டு எத்தனையோ காலமாயிற்றாம். வெர்லன் பாடவும் இல்லையாம், தன் நாய்க்கு யார் சோறு வைப்பார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

7. ஆகவே ஐயா, என் வாதம் சுலபமானது. தங்களிடம் உள்ள பதிவுகளையும் என் பத்தியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெர்லன் சபையில் சொன்னதைத் தவிர ஒன்றுகூட ஒத்துவராது. லியானா என்னிடம் வாய் திறந்திருந்தால் ஒன்றாவது சரியாக இருந்திருக்கும். ஒரு பத்திரிகைக்காரிக்கு இதைவிட அவமானம் கிடையாது; ஆனால் என் பேத்தியின் நேர்மைக்கு என் அறியாமையைவிட நல்ல சாட்சியும் கிடையாது.

8. அவளை அரங்குக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்ட செய்தியே எனக்கு கார்லண்ட் மூலம்தான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. விளக்கம் கேட்டபோது, எந்த நோயாளியைப் பற்றியும் யாரிடமும் பேசவில்லை என்பதற்கு மேல் ஒரு வரி எழுதவில்லை என்றும், அந்த மௌனமே ஒப்புதல் என்று சிலர் எடுத்துக்கொள்வதாகவும் அறிகிறேன். தாங்கள் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. போன சனிக்கிழமை பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருக்கும்போது நானே அவளைக் கேட்டேன். வெர்லனைத் தூங்கவைத்தது நீதானா, அதை மட்டும் சொல், நான் போய் உனக்காகப் பேசுகிறேன் என்றேன். அவள் கையை நிறுத்தாமல் சொன்னது இது:

"அவருன்னும் சொல்லமாட்டேன் பாட்டி, அவரு இல்லன்னும் சொல்லமாட்டேன். நீ அந்தக் கூடைய இப்படித் தள்ளு."

எங்கள் ஓடையில் கோழி முட்டையிட்டால் கோழிக்கு முன்னால் எனக்குத் தெரியும் என்பார்கள். அப்படிப்பட்ட நான், ஒரு கூடை பீன்ஸ் முடியும்வரை கேட்டும் ஒரு சொல் வாங்க முடியவில்லை. தன் படிப்பே போகும் நிலையிலும் சொல்லாதவள், சும்மா இருக்கும்போது சொல்லியிருப்பாளா? இந்த நிமிஷம்வரை அது அவள்தானா என்று எனக்குத் தெரியாது.

9. அவள் ஏன் இந்தப் படிப்புக்கு வந்தாள் என்பது மட்டும் தெரியும். என் கணவர் கடைசி நாட்களில் மூச்சுக்குத் திணறியபோது, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அவர் தலைமாட்டில் நின்றவள் அவள். அடுத்தவர் மூச்சைக் காவல் காக்கிற படிப்பு ஒன்று இருக்கிறது, அதைப் படிக்கப்போகிறேன் என்று அடக்கம் முடிந்து வரும்போது சொன்னாள். இதைப் பத்தியில் எழுதியதில்லை. எழுதக்கூடாதது ஒன்றாவது எனக்கும் இருக்கிறது.

10. வெர்லன் ஸ்டேசி வெள்ளிக்கிழமை நேரில் வந்து சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். "என் வயிறு, என் வாய். நான் சொன்னேன், எல்வாக்கா கதை கட்டுனாங்க. அந்தப் புள்ள இதுல எங்க வந்துச்சு?" என்று கேட்கிறார். அவரைப் பாட மட்டும் சொல்லிவிடாதீர்கள், எல்லாச் சரணமும் பாடுவார். நானும் வருவேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லக் கார்லண்டிடம் பயிற்சி எடுத்துவருகிறேன், இதுவரை தேறவில்லை.

11. எனவே, என் பத்தியைக் காரணமாக வைத்து லியானாமீது எடுத்த நடவடிக்கையைக் கைவிட்டு, அவளை மீண்டும் அரங்கில் சேர்க்கும்படி பணிவோடு வேண்டுகிறேன். தண்டனை ஒன்று அவசியமென்றால் அதை எனக்குக் கொடுங்கள். இனி என் பத்தியில் மழை, பனி, பசு தவிர வேறெதுவும் வராது. பசுவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அதையும் போடமாட்டேன். அடுத்த ஆண்டு நிபந்தனைகளில், மாணவரின் பாட்டி ரொட்டியைக் கருகவிட்டாவது கடைசி விதியைக் கேட்டு முடிக்க வேண்டும் என்று ஒன்று சேர்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

12. கடைசியாக ஒன்று. தங்கள் துறை நடைபாதையில் மாணவர் படங்கள் மாட்டிய பலகையில் லியானாவின் படத்தைக் கழற்றிவிட்டதாகத் தெரிகிறது. பழைய படத்தைத் திரும்ப மாட்ட வேண்டாம். அதில் அவள் போட்டிருப்பது என் முத்துத் தோடு. நகை கூடாது பாட்டி என்று சொன்னவள் காதில் நான்தான் பிடித்து மாட்டினேன். அதுவும் என் வேலைதான். அதற்குப் பதிலாக அவள் நீலத் தொப்பியோடு, முகக்கவசம் போட்டு, கண் மட்டும் தெரிய நிற்கும் புதுப் படம் ஒன்று எடுத்து மாட்டுங்கள். வாயை மூடத் தெரிந்த ஒரே காடில் அவள்தான். அது பார்த்தாலே தெரியட்டும். பத்திரிகைக்குப் பிரதி கேட்கமாட்டேன். நடைபாதைக்கே வந்து, நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எல்வா காடில்
(லியானாவின் பாட்டி)

இடம்: ஹிக்கரி ஓடை
நாள்: 14 அக்டோபர் 2024