இன்னும் யாரும் பார்க்காத பல்

லாகோஸுக்கு நர்ஸ் பயிற்சிக்குப் போயிருக்கும் என் மகாராணிக்கு,

நம் பையன் ஒபியாஜுலுவுக்கு ஈறு வீங்கி மூன்று நாளாக ஒரே அழுகை. குளிர்ந்த துணியைக் கடிக்கக் கொடுத்தேன், துப்பினான். பாடினேன், இன்னும் அலறினான். இசை தெரிந்த பிள்ளை. கடைசியில் நீ விட்டுப்போன இடுப்புத்துணியால் அவனை முதுகில் கட்டிக்கொண்டேன். அதில் முகம் புதைத்ததும் அடங்கிவிட்டான். அதை இன்னும் துவைக்கவில்லை. சோப்பு தீர்ந்துவிட்டது, வேறு காரணம் இல்லை.

இன்று காலை என் விரலைக் கடித்தான். அரிசி முனை போல ஒன்று நறுக்கென்று பட்டது.

நம் ஊர் வழக்கப்படி முதல் பல்லை முதலில் பார்ப்பவர்தானே பிள்ளைக்குக் கோழி கொடுக்க வேண்டும்! அந்தப் பெருமைக்காகப் பக்கத்து வீட்டு எகோமா கோழியோடேயே வந்துவிட்டாள்.

"அண்ணே, அவன் வாயத் தொறந்து காட்டுங்க."

"தூங்குறான் தாயி."

"கண்ணு முழிச்சிருக்கே!"

"அப்பன் மாதிரி. ஆபீஸ்ல நான் அப்படித்தான் தூங்குவேன்."

நான் தொட்டதோடு சரி, பார்க்கவில்லை. அவன் கொட்டாவி விட்டால் கண்ணை மூடிக்கொள்கிறேன். அந்தக் கோழி நீ கொடுக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது வந்துவிட்டுப் போயேன். அதுவரை அவனைச் சிரிக்க வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அதுதான் கஷ்டம்.

இப்படிக்கு,
கண்ணை மூடிக்கொண்டு காவல் காக்கும் உன் வீட்டுக்காரன்