ஜொவிட்டாவுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஓர் இடம்

அடையாறு
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, விசாலம். இந்தக் கடிதத்தை உன் நிர்வாகக் குழுவிடம் காட்ட வேண்டிவரலாம். முதல் வரி அவர்களுக்கு, மீதி உனக்கு.

போனில் கூப்பிட்டிருக்கலாம். ஜொவிட்டாவுக்கு நீ டி.சி. கொடுத்த அன்று நாம் இருவரும் போனில் பேசிய பேச்சு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவளை நீ மறந்திருக்க மாட்டாய். சாந்தோம் பெண். அம்மா ஐரின் நர்ஸ். ஆறாம் வகுப்பில் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னபோது எழுத்து குழம்பி, வகுப்பே சிரித்து, அவள் எறிந்த டிபன் பாக்ஸ் வர்ஷினியின் நெற்றியில் பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் ஐரின் அவளை என் சிறப்புப் பள்ளிக்கு அழைத்து வந்தாள்.

முதல் சில மாதங்கள் ஜொவிட்டா மேஜைக்கு அடியில்தான் இருந்தாள். எங்கள் தெரபிஸ்ட் ஜவஹர் அவளை வெளியே கூப்பிடவே இல்லை. தினமும் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். ஒருநாள் உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவர் தட்டில் ஒரு விரல் தொட்டு எடுத்துக்கொண்டு போனது. "இன்னா சார் சாம்பார் இது, உப்பே இல்ல" என்றாள். அதுதான் எங்களிடம் அவள் பேசிய முதல் வாக்கியம்.

இன்று வரிக்கு அடியில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு நிதானமாக வாசிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. எங்கள் பள்ளி யாரையும் காலமெல்லாம் வைத்துக்கொள்வதற்கில்லை. தயாரானதும் அனுப்பிவிட வேண்டும். ஜூனில் அவளுக்கு ஒன்பதாம் வகுப்பில் இடம் கொடு.

வேறு பள்ளிக்கூடமா இல்லை என்று கேட்பாய். நானும் அவளைக் கேட்டேன். "தொரத்துன எடத்துக்கே போவணும் மிஸ்" என்கிறாள்.

அன்புடன்,
ஹம்சா


மயிலாப்பூர்
14 மார்ச் 2025

அன்புள்ள ஹம்சா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. படித்து முடித்ததும் அது கொஞ்சம் குறைந்தது.

ஜொவிட்டா வாசிக்கிறாள் என்பதில் எனக்கும் நிம்மதி. ஆனால் நீ ஒரு குழந்தையைப் பார்க்கிறாய், நான் ஒரு பள்ளிக்கூடத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது. வர்ஷினி இன்னும் இங்கேதான் படிக்கிறாள், ஜூனில் அவளும் ஒன்பதாம் வகுப்புதான். பெற்றோர் சங்கத் தலைவர் சந்திரமௌலியிடம் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். "மேடம், நாளைக்கு இன்னொரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருக்கிறதா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

விசாலாக்ஷி


அடையாறு
20 மார்ச் 2025

அன்புள்ள விசாலம்,

இருக்கிறது. வந்து பார். அதுதான் பதில்.

நான் கெஞ்சவில்லை. ஜொவிட்டா தயார். உன் பள்ளி தயாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம். நீ என் பள்ளி வாசலை ஒருதடவைகூட மிதித்ததில்லை. ஏதாவது ஒரு வியாழக்கிழமை வா. அன்று பிள்ளைகளே சமைப்பார்கள். நானும் வேளைக்குச் சாப்பிடுவேன்.

ஹம்சா


மயிலாப்பூர்
29 மார்ச் 2025

அன்புள்ள ஹம்சா,

வியாழக்கிழமை பார்த்ததைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சத்தத்தை எதிர்பார்த்து வந்தேன். ஒரு பையன் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தான். ஓர் ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பின்னக் கணக்கைத் தொடர்ந்தான். என் பள்ளியில் அந்த ஆசிரியையின் வேலைக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தேன்.

ஜொவிட்டா வளர்ந்திருக்கிறாள். ஆனால் என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாளே. அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

இருந்தாலும் நிர்வாகக் குழுவில் பேசினேன். ஒரு பருவம் பார்க்கலாம் என்கிறார்கள். இனி அப்படி நடக்காது என்று ஐரின் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருதடவை நடந்தாலும் டி.சி. இதற்கு மேல் என்னால் வாங்க முடியாது.

விசாலாக்ஷி


அடையாறு
5 ஏப்ரல் 2025

அன்புள்ள விசாலம்,

நன்றி. ஆனால் ஐரின் எழுதிக் கொடுக்கமாட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். இந்த வருஷம் காய்ச்சலே வராது என்று உன் பள்ளியில் எந்தத் தாயாவது எழுதிக் கொடுத்திருக்கிறாளா? ஜொவிட்டாவுக்குக் கோபம் வரும். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். எழுந்து வெளியே போக வேண்டும், அடங்கியதும் திரும்பி வர வேண்டும். நீ வந்த அன்று அவள் செய்தது அதுதான். அந்தக் கரண்டியை அவள் வைத்துவிட்டுப் போனாள், விசாலம். அதை யோசித்துப் பார். நீ ஆட்டோ ஏறிப் போனபிறகு திரும்பி வந்து, சோற்றை வடித்து, எல்லோருக்கும் பரிமாறினாள்.

உன் நிபந்தனையை அவளிடம் சொன்னேன். பதிலுக்கு அவளும் மூன்று கேட்கிறாள். முன்கூட்டிச் சொல்லாமல் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லக் கூடாது. தாங்கவில்லை என்றால் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், அங்கே யாரும் "ஏன் வந்தே" என்று கேட்கக் கூடாது. பள்ளி திறக்கும் முன்பு அவள் வர்ஷினியைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்புடன்,
ஹம்சா


மயிலாப்பூர்
4 ஜூன் 2025

அன்புள்ள ஹம்சா,

நேற்று வர்ஷினி அவள் அம்மாவோடு வந்தாள். ஜொவிட்டா ஐரினோடு வந்தாள். அம்மாக்களை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, பெண்கள் இருவரையும் என் அறைக்குள் கூப்பிட்டேன்.

வர்ஷினி நாற்காலியில் உட்கார்ந்தாள், ஜொவிட்டா நின்றே இருந்தாள். பிறகு ஜொவிட்டா, "உன் மேல போடல. எங்கயோ போட்டேன். ஆனா உன் மேல பட்டுச்சு. தப்புதான்" என்றாள்.

வர்ஷினி, "எனக்கு ரொம்ப வலிச்சுது. நீ ஒரு தடவைகூட வந்து பாக்கல" என்றாள்.

"வந்திருந்தா உங்க வீட்ல உள்ள உட்ருப்பாங்களா?"

வர்ஷினி யோசித்தாள். "மாட்டா" என்றாள்.

சமாதானமாகிவிட்டார்கள் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் வர்ஷினியே, "பக்கத்துல எல்லாம் உக்காராத. முன்னாடி பெஞ்சுல உக்காரு. அப்பறம் பாக்கலாம்" என்றாள். ஜொவிட்டா தலையாட்டினாள். நான் எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு நாணயமான ஒப்பந்தத்தைப் பார்த்ததில்லை.

எழுதி வாங்குவதை விட்டுவிடச் சொல்லி நிர்வாகக் குழுவோடு போராடினேன், விட்டுவிட்டார்கள். அவள் கேட்ட இடத்துக்கு வேறு அறை கிடைக்கவில்லை. என் அறையிலேயே ஜன்னலோரம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்,
விசாலம்


மயிலாப்பூர்
22 ஆகஸ்ட் 2025

அடி ஹம்சா,

செவ்வாய்க்கிழமை நடந்ததை ஐரின் உனக்குச் சொல்லியிருப்பாள். என் வாயாலும் கேட்டுக்கொள்.

தமிழாசிரியை விடுப்பு. பதிலுக்குப் போன புது ஆசிரியைக்கு விவரம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். அவர் ஜொவிட்டாவை எழுப்பி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பின்வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அவள் புத்தகத்தை மூடிவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள்.

என் எதிரில் சந்திரமௌலி உட்கார்ந்திருந்தார். ஆண்டு விழா பற்றிப் பேச வந்தவர். ஜொவிட்டா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் திரும்பிப் போயிருந்தால் எங்கே போயிருப்பாளோ, எனக்குத் தெரியாது.

"சார், கொஞ்சம் வெளியில உக்காரேளா? இவளுக்கு இந்த ரூம் இப்போ வேணும்" என்றேன்.

"மேடம், நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கிண்டு வந்திருக்கேன்."

"இவ ஜூன் மாசமே வாங்கிட்டா."

அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போனார். ஜொவிட்டா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடிப்பதற்குள் அவளாகவே எழுந்தாள்.

"கிளாசுக்குப் போறேன் மிஸ்."

"போ."

வாசலில் நின்று, "அந்த சார் உங்கள திட்டுவாரா?" என்று கேட்டாள்.

"திட்டுவார்னு நினைக்கறேன்."

"கஷ்டமா இருந்தா நீங்களும் கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன், ஹம்சா. மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, சந்திரமௌலியை உள்ளே கூப்பிட்டுக் காபி வரவழைத்துக் கொடுத்தேன். நிர்வாகத்துக்குப் புகார் எழுதப் போகிறேன் என்றார். எழுதுங்கோ, முகவரி நானே தரேன் என்றேன். எழுதியும் விட்டார். அதற்கு நான் கொடுக்கும் பதிலில் வெட்கப்படும்படி ஒரு வார்த்தையும் இருக்காது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஏழாம் வகுப்பில் சஃப்வான் என்று ஒரு பையன். கோபம் வந்தால் பெஞ்சைக் கவிழ்க்கிறான், தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுதமாட்டேன் என்கிறான். அவனை வெளியே அனுப்பச் சொல்லி ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உன் பள்ளிக்கு அனுப்பிவிடலாமே என்கிறார்கள். உன்னிடம் வந்தால் நன்றாக இருப்பான், தெரியும். ஆனால் அனுப்பமாட்டேன்.

புதன்கிழமை ஜவஹரை அழைத்துக்கொண்டு நீ இங்கே வா. முதலில் என் ஆசிரியர்களைத் தரையில் உட்காரவைக்க வேண்டும். என்னையும் சேர்த்துத்தான்.

உன்,
விசாலம்